குவாத்ரு, குவார்த்து, குவார்த்த: மணி புரியாமல் நான் தொலைத்த 461 யூரோ

போர்ச்சுகலுக்குப் புறப்படுவதற்கு முன் ஐந்து மாதம் கைபேசிச் செயலியில் போர்ச்சுகீசிய மொழி படித்தேன். தினமும் இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் இருபது நிமிடம். ஆமை பால் குடிக்கிறது, என் மாமாவின் குதிரை பச்சை நிறம் என்றெல்லாம் சரளமாகச் சொல்வேன். மணி என்ன என்று கேட்கவும் தெரியும். கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் நமக்குப் புரிய வேண்டும் என்பதை மட்டும் ஏனோ நான் யோசிக்கவே இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவியாகப் போன எனக்கு விசா, வங்கிக் கணக்கு, குளிர் உடுப்பு பற்றியெல்லாம் எச்சரிக்கை சொல்ல ஆள் இருந்தது. மணி பற்றிச் சொல்ல யாருமில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் அடி வந்து இறங்கிய அன்றே விழுந்தது. செப்டம்பர் மாதம், சனிக்கிழமை. கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தங்கும் விடுதியில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஆள் ஆறு மணிக்குப் போய்விடுவார் என்று எழுதியிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் தொப்பி போட்ட ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். படித்தபடி அழகாக, 'கி ஓரஷ் சாவ்?' என்று கேட்டேன். மணி என்ன என்பதற்குப் பாடப்புத்தக வாக்கியம் அது. தாத்தா உற்சாகமாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது 'ஷ்' என்ற ஒலி மட்டும்தான். மறுபடி கேட்டேன், மறுபடி 'ஷ்'. போர்ச்சுகல்காரர்கள் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள், சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' பெரும்பாலும் 'ஷ்' ஆகிவிடும் என்பது அப்போது தெரியாது. செயலி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது பிரேசில் உச்சரிப்பு. அங்கே உயிரெழுத்துகளை வாய் திறந்து சொல்வார்கள். என் முகத்தைப் பார்த்த தாத்தா ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மேலே தள்ளி, கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஐந்தே கால். தப்பித்தேன்.

அந்த ஊரில் தெருவில் போகிறவர்கள் மணி கேட்கும் விதத்தைப் பின்னால் கவனித்தேன். 'தைங் ஓரஷ்?' என்பார்கள். 'மணி வைத்திருக்கிறீர்களா?' என்பதுபோல. முன்னால் ஒரு 'தெஷ்குல்ப்', அதாவது மன்னிக்கவும். அவ்வளவு போதும். பாடப்புத்தக வாக்கியமும் தவறில்லை. ஆனால் இன்னொரு கேள்வியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'கி ஓரஷ் சாவ்' என்றால் இப்போது மணி என்ன. முன்னால் ஒரு 'அ' சேர்த்து 'அ கி ஓரஷ்' என்றால் எத்தனை மணிக்கு. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க நினைத்து அந்த 'அ'வை விட்டுவிட்டு நான் கேட்டபோதெல்லாம், மக்கள் பொறுமையாக இப்போதைய மணியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நேரம் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. பதிலில் ஒரு மணி என்றால் 'எ ஊம ஓர', மற்ற மணிகளுக்கு 'சாவ்' என்று வினைச்சொல் மாறும். நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் ஒருமைதான். இதில் தவறு செய்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கவலை வேண்டாம். பணம் போகிற இடம் வேறு.

அந்த இடத்துக்கு வருகிறேன். விடுதியில் ஒரு படுக்கைக்கு இரவுக்கு 22 யூரோ. எட்டுப் பேர் படுக்கும் கூடம். இரவு இரண்டு மணிக்குப் பாடிக்கொண்டு வருகிறவர்களும் காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று மடக்குகிறவர்களும் அதில் அடக்கம். செப்டம்பரில் கொயிம்ப்ராவுக்கு மாணவர்கள் படையெடுத்து வருவார்கள். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. சுவர்களிலும் விளக்குக் கம்பங்களிலும் வாடகை அறிவிப்புகள் ஒட்டியிருக்கும், கீழே எண்ணைக் கிழித்துக்கொள்ள வசதியாக. அறைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'குவார்த்து'. செவ்வாய்க்கிழமை அப்படிக் கிழித்த ஓர் எண்ணுக்குப் பேசினேன். வயதான அம்மாள். மாதம் 230 யூரோ, அறை காலியாக இருக்கிறது, உடனே வரலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டேன். அவர் ஒரே மூச்சில் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. 'குவார்த்து' நான்காவது மாடியில் இருக்கிறது, 'குவார்த்த' வாருங்கள், 'குவாத்ரு' மேனுஷ் உங் 'குவார்த்து'.

நான்காவது மாடி என்பதிலும் அதே 'குவார்த்து' வரும். ஆக, அறையும் குவார்த்து, நான்காவதும் குவார்த்து, கால் மணியும் குவார்த்து, புதன்கிழமை குவார்த்த, நான்கு குவாத்ரு. தொலைபேசியில், பின்னால் ஒரு நாய் குரைக்க, இது என் காதில் விழுந்தது. கிழமையை மட்டும் நான் சரியாகப் பிடித்தேன், ஏனென்றால் அதை விமானத்திலேயே உருப்போட்டு வைத்திருந்தேன். போர்ச்சுகீசியத்தில் கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் கிடையாது. ஞாயிறை முதல் நாளாக எண்ணி, திங்கள் இரண்டாவது, செவ்வாய் மூன்றாவது, புதன் நான்காவது என்று வெள்ளி வரை போகும். சனிக்கும் ஞாயிறுக்கும் மட்டும் தனிப் பெயர். திங்களை முதல் நாளாக எண்ணிப் பழகியவர்கள் எல்லாக் கிழமையிலும் ஒரு நாள் பிந்திப் போவார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டிய பெருமிதத்தில் அடுத்த பள்ளத்தில் காலை வைத்தேன். நான்கு, கால் என்று இரண்டு சொல் கேட்டது. நாலேகால் என்று குறித்துக்கொண்டேன். நடுவில் வந்த 'மேனுஷ்' என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதை நாய் தின்றுவிட்டது.

புதன்கிழமை நாலு மணிக்கே போய் நின்றேன். கால் மணி நேரம் முன்னதாக வந்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டேன். மின்தூக்கி இல்லாத வீடு. நான்கு மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்தினால், அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, கைகளை விரித்தார். பின்னால் ஒரு பெண் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு 3.45. அந்தப் பெண்ணுக்கு 4.00. நான் வராததால் அவளுக்குக் கொடுத்துவிட்டார். 'குவாத்ரு மேனுஷ் உங் குவார்த்து' என்றால் நாலில் கால் குறைய, அதாவது மூன்றே முக்கால். நான் படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் என் அறை என் தலைக்கு மேலே நான்கு மாடி உயரத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. இறங்கும்போது ஒரு படியில் நின்று சுவரைக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

இது ஏன் நமக்குக் குறிப்பாகக் குழப்பும் என்று பிறகு நிறைய யோசித்தேன். தமிழில் மணி பொதுவாகக் கடந்துவிட்டதைத்தான் எண்ணும். மூன்று, மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால். மூன்று என்று காதில் விழுந்தால் நான்கு அடிக்கும் வரை அந்த மூன்றுதான். அவர்களோ அரை மணி தாண்டியதும் அடுத்த மணியின் பெயரைச் சொல்லிப் பின்னோக்கிக் கழிக்கிறார்கள். 3.50 என்பது நாலில் பத்துக் குறைய. இன்னொரு முறையும் உண்டு: 'உங் குவார்த்து பர அஷ் குவாத்ரு', நாலுக்குக் கால் மணி. அதுவும் 3.45தான். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணை அன்று, இடையில் வரும் சிறு சொல்லை. 'இ' வந்தால் கூட்டு: 'குவாத்ரு இ உங் குவார்த்து' நாலேகால், 'குவாத்ரு இ மைய' நாலரை. 'மேனுஷ்' அல்லது 'பர' வந்தால் கழி. நான்கையும் காலையும் பிரித்தறிய எனக்கு உதவியது ரகரம். 'குவாத்ரு'வில் ரகரம் தகரத்துக்குப் பின்னால் வருகிறது, அது நான்கு. 'குவார்த்து'வில் முன்னால் வருகிறது, அது கால். பிரேசிலில் இந்தக் கால் கணக்கு அதிகம் புழங்குவதில்லை, பதினைந்து என்றே சொல்வார்கள். என் செயலியும் பதினைந்துதான் கற்பித்தது. அதனால் இந்தச் சொல் மணியோடு சேர்ந்து வரும் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் போர்ச்சுகல் வானொலியைக் கேட்டுப் படியுங்கள். ஒரே சொல் இத்தனை வேலை செய்வதைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை என்பதும் உண்மை. கால் என்றால் நாம் நடக்கும் காலும்தான், நாற்காலியின் காலும்தான், மணியில் காலும்தான். தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர் எவராவது இதை எண்ணி அழுதிருப்பார்.

அடுத்த சில நாள்களைச் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்காரர் 'லோகு' தொலைபேசியில் அழைக்கிறேன் என்றார். நான் படித்திருந்தபடி 'லோகு' என்றால் விரைவில். குளிக்கக்கூடப் போகாமல் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழைப்பு வந்தது இரவு ஒன்பதரைக்கு. போர்ச்சுகலில் 'லோகு' என்பது இன்றைக்குள் பிறகு எப்போதோ. உடனே என்பதற்கு 'ஜா'. அவர் அழைத்துச் சொன்னது 'அமஞ்ஞா'. நாளை. அதிலிருந்து முதல் எழுத்தை எடுத்துவிட்டால் 'மஞ்ஞா', காலைப் பொழுது. நாளைக் காலை என்பதற்கு இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வார்கள். ஒன்றுதான் கேட்டது என்றால் எது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அந்த அறையைப் போய்ப் பார்த்தேன், ஜன்னலே இல்லை. விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை செலாஸ் பகுதியில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் நல்ல அறை கிடைத்தது. மாதம் 280 யூரோ. முதல் அறையைவிட ஐம்பது அதிகம். ஆனால் சமையலறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தாளிக்கும் வாசனையைப் பற்றிக் கேள்வி இல்லை. அதில் இருக்கும் மாணவன் காலி செய்ய வேண்டும், 'தகீ அ ஓய்து தீயஷ்' வந்துவிடு என்றார் அந்த அம்மாள். இந்த முறை நான் உஷார். ஓய்து என்றால் எட்டு, தீயஷ் என்றால் நாள்கள். எட்டு நாளில். எட்டு விரலை நீட்டிக் காட்டினேன். அவரும் எட்டு விரலை நீட்டித் தலையாட்டினார். இருவருக்கும் பரம திருப்தி. நான் செவ்வாயை ஒன்று என்று எண்ணி, எட்டாவதாக அடுத்த செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை விடுதியைக் காலி செய்து, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேடேறினேன். கொயிம்ப்ரா முழுவதும் மேடும் படியும்தான். பழைய நகரத்துக்கு ஏறும் ஒரு படிக்கட்டுக்கே முதுகொடிப்பான் என்ற பொருளில் 'கெப்ர கோஷ்தஷ்' என்று பெயர். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, அவர்கள் கிராமத்துக்குப் போய்விட்டார்கள், 'விந்தீம' என்றார். திராட்சை அறுவடை. செப்டம்பரில் பாதி ஊர் அதற்காகச் சொந்த ஊருக்குப் போய்விடும். நேற்று முழுவதும் உன்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்றும் சொன்னார். நேற்றா? ஏன் நேற்று? ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார்களாம். விடுதிக்கு ஓடினேன், என் படுக்கையில் அதற்குள் வேறு ஒரு பை கிடந்தது. இடமில்லை. இரவுக்கு 35 யூரோ கேட்ட ஒரு விருந்தினர் இல்லத்தில் ஐந்து இரவு தங்கினேன். அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மொழி தெரியாத இடத்தில் ஏமாற்றப்பட்டால் கோபப்படவாவது ஆள் இருக்கும். இங்கே எல்லாரும் என்னிடம் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள், சரியான நேரத்தைத்தான் சொன்னார்கள். கோபத்தை யார்மேல் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த அம்மாள் கதவைத் திறந்ததும், 'மெனீன!' என்று கன்னத்தைப் பிடித்தார். சின்னப் பெண்ணே என்று அர்த்தம், கொஞ்சல் பாதி, கண்டிப்பு பாதி. சமையலறையில் உட்கார வைத்து, விரல் விட்டு எண்ணிக் காட்டினார். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, அடுத்த திங்கள் எட்டு. சொன்ன நாளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். 'எட்டு நாள்' என்பது அவர்களுக்கு ஒரு வாரம். 'பதினைந்து நாள்' என்றால் இரண்டு வாரம், இன்று வியாழன் என்றால் மறு வாரம் கழித்து வரும் வியாழன். எனக்குச் சட்டென்று உறைத்தது எதைத் தெரியுமா? எங்கள் வீட்டில் தாத்தா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். அப்படி எண்ணும் ஊரிலிருந்து வந்துவிட்டு, இங்கே வந்து ஒரு நாளைத் தொலைத்தேன்.

பிறகு அறையைச் சுற்றிக் காட்டினார். 'ஜனேல' என்று ஜன்னலைத் திறந்தார். 'மேச' என்று மேசையைத் தட்டினார். 'அர்மாரியு' என்று அலமாரியைத் திறந்தார். குளியலறையில் 'துவால்ய', துவாலை. கடைசியில் 'ஷாவ்' என்று சாவியைக் கையில் கொடுத்தார். அத்தனையும் புரிந்தது! நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடற்கரைக்கு வந்தவர்கள் ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்களின் பெயரையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மணியை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் கப்பலில் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதன்கிழமை சரியாகப் போயிருந்தால் அன்று மாலையே குடியேறியிருப்பேன். அதற்குப் பின் விடுதியில் 13 இரவு, 286 யூரோ. விருந்தினர் இல்லத்தில் 5 இரவு, 175 யூரோ. மொத்தம் 461. மாதாமாதம் கூடுதலாகப் போகும் ஐம்பது தனி. குடியிருந்தால் அந்த நாள்களுக்கும் வாடகை கொடுத்திருப்பேன்தானே என்று நியாயம் பேசுகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம், எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். யார் வாயால் நேரம் சொன்னாலும் அதை இருபத்துநான்கு மணிக் கணக்கில் எண்ணாக மாற்றித் திருப்பிச் சொல்வேன். அவர் 'நாலில் கால் குறைய' என்றால் நான் 'கின்ஸ் இ குவரேந்த இ சிங்கு?' என்பேன், பதினைந்து நாற்பத்தைந்தா என்று. ரயில் நிலையப் பலகைகளிலும் அலுவலகங்களிலும் எல்லாம் அந்தக் கணக்குதான், ஆகவே அது எவருக்கும் புதிதாகத் தோன்றாது. எழுதும்போது புள்ளிக்குப் பதிலாக நடுவில் மணியைக் குறிக்கும் முதலெழுத்தான h-ஐப் போடுவார்கள். இதில் ஒரு கவனம்: மூன்றும் பதின்மூன்றும் காதில் ஒட்டிக்கொள்ளும், 'த்ரேஷ்', 'த்ரேஸ்'. நாள் என்றால் கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பேன். எட்டு நாள், பதினைந்து நாள் என்று யாராவது ஆரம்பித்தால் நாள்காட்டியை நீட்டிவிடுவேன். தொலைபேசியில் பேசி முடித்ததும் 'குறுஞ்செய்தியாக அனுப்ப முடியுமா' என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டதன் விலையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கினேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்புவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணியை இரண்டாக்குவார்கள். கைபேசி தானே மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. வானொலியில் மணி சொன்ன கையோடு 'அசோர் தீவுகளில் ஒரு மணி குறைவு' என்று வந்தால் பதறாதீர்கள், அது அட்லாண்டிக்கின் நடுவில் இருப்பவர்களுக்கு.

கால் மணியோடு என் வழக்கு அத்துடன் தீரவில்லை. முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தேன். யாருமில்லை. பல்கலைக்கழகத்தின் கோபுரம் 1733-இல் கட்டி முடித்தது, அதன் மணிகளில் ஒன்றுக்கு 'ஆடு' என்று மாணவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபுரம் தெரியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் நாளைத் தவறவிட்டேனா என்று வயிறு கலங்க உட்கார்ந்திருந்தேன். ஒன்பதேகாலுக்குப் பேராசிரியரும் மாணவர்களும் ஒன்றாக நுழைந்தார்கள். அதற்கு 'கல்விக் கால் மணி' என்று பெயராம், பதினைந்து நிமிடத் தாமதம் பழைய மரபாம். அதற்கும் அதே சொல். குவார்த்து.

வீட்டுக்கார அம்மாள் இன்னும் நாலில் பத்துக் குறைய, ஏழில் கால் குறைய என்றுதான் பேசுகிறார். நான் ஒவ்வொரு முறையும் பதினெட்டு நாற்பத்தைந்து என்று திருப்பிச் சொல்கிறேன். நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்தை அப்படி உறுதி செய்துகொண்டபோது, வாணலியைக் கிளறிக்கொண்டே கணவரிடம் சொன்னார்: "ரயில் நிலைய ஒலிபெருக்கியைக் குடிவைத்திருக்கிறோம். எத்தனாவது நடைமேடை என்று அவளிடமே கேளுங்கள்."